மாதொருபாகனில் எழுதப்படாத மூன்றாவது முடிவு

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலைப் போன மாசம் மூணாவது தடவையாகப் படித்து முடித்தேன். முதல் தடவை 2015 ஜனவரியில். இரண்டாவது 2016 ஜூலையில். ஒவ்வொரு தடவையும் வேற வேற புத்தகம் மாதிரி இருந்தது. புத்தகத்தில் எதுவும் மாறவில்லை. படித்த ஆள் எங்கே நின்றுகொண்டு படித்தான் என்பதுதான் மாறியிருந்தது. அதைச் சொல்லாமல் இந்த நாவலைப் பற்றி நான் எழுதினால் நேர்மையாக இருக்காது. அதனால் நடுவில் கொஞ்சம் சொந்தக் கதையும் வரும், பொறுத்துக்கோங்க.

வழக்கம்போல ஒரு எச்சரிக்கை: நான் விமர்சகன் இல்லை. பி.இ. படித்துவிட்டு, பாண்டியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து கோடு எழுதிப் பிழைக்கிறவன். கதைக்குள் என்ன தர்க்கம் ஓடுகிறது, எந்த இடத்தில் எந்த நிபந்தனை வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது தொழில் கொடுத்த பழக்கம். நாவலையும் அப்படித்தான் படிக்க வருகிறது. கதை முடிவுகளையும் சொல்லப் போகிறேன், படிக்காதவர்கள் படித்துவிட்டு வரலாம்.

நாவல் வந்தது 2010-ல், காலச்சுவடு வெளியீடு. நாலு வருஷம் யாருக்கும் எந்தப் பிரச்சனையும் இல்லை. 2013-ல் அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் பிரதிகளை எரித்தார்கள். 2015 ஜனவரி 9-ல் கடையடைப்பு. 12-ந்தேதி நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' என்ற பெயரில் எழுத்தாளரை உட்கார வைத்து நிபந்தனையில்லாத மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். அதற்கடுத்துத்தான் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்ற அந்த முகநூல் அறிவிப்பு. எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்லப்பட்டது ஒரே ஒரு இரவு. வைகாசித் தேர்த்திருவிழாவின் பதினாலாம் நாள் ராத்திரி, பிள்ளையில்லாத பெண்கள் முன்பின் தெரியாத ஆணோடு கூடிப் பிள்ளை வரம் பெறலாம் என்று அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்ததாக நாவல் சொல்கிறது.

நானும் முதல் தடவை அந்த ராத்திரியைத் தேடித்தான் படித்தேன். உண்மையைச் சொன்னால் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் போனேன். ராத்திரி வரவே மாட்டேங்குது. கிட்டத்தட்ட கடைசியில்தான் வருகிறது. அதுக்கு முன்னாடி முழுக்க என்ன இருக்கிறது என்றால், கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமான காளி, பொன்னா என்கிற இரண்டு பேரும், அவர்களிடம் ஊர் கேட்கிற ஒரே கேள்வியும்.

இந்தியாவே சண்டை போட்ட நாவலின் பெரும்பகுதி இந்தக் கேள்விதான். சண்டை போட்டவர்களும் சரி, எழுத்துச் சுதந்திரத்துக்காக அவர் பக்கம் நின்றவர்களும் சரி, இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒரு பக்கம் 'எங்க ஊர்ப் பெண்களை இழிவுபடுத்திட்டான்' என்றது. இன்னொரு பக்கம் 'எழுத உரிமை உண்டு' என்றது. காளிக்கும் பொன்னாவுக்கும் நடந்தது என்ன என்பது இரண்டு சத்தத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. யோசித்துப் பார்த்தால் எரித்தவர்களின் கோபமும் நாவலுக்குள் இருக்கிற அதே பயம்தான். 'அப்படியானா நாங்க யாருக்குப் பொறந்தோம்னு கேக்கறியா' என்பதுதான் அந்தக் கோபத்தின் அடி. பிள்ளை என்றால் அது யாருடைய வாரிசு என்ற கணக்கு. அந்தக் கணக்குத்தான் பொன்னாவையும் அந்த ராத்திரிக்கு அனுப்பி வைத்தது.

நாவலின் பெரிய பலம் என்று நான் நினைப்பது, அதில் கெட்டவர்கள் கிடையாது. காளியின் அம்மா சீராயி மருமகளைக் கொடுமைப்படுத்துகிற சினிமா மாமியார் இல்லை. விதவையாக நின்று மகனை வளர்த்தவள், இந்தக் குடும்பம் இதோடு நின்றுபோய்விடுமே என்று உருகுகிறவள். பொன்னாவின் அப்பா அம்மாவுக்கு மகள்மேல் உயிர். அண்ணன் முத்து காளிக்குச் சின்ன வயசிலிருந்தே கூட்டாளி. காளி தன் கையால் மாமனார் வீட்டு வாசலில் நட்ட பூவரசமரம் ஒன்று நாவல் முழுக்க நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. எல்லாருக்கும் எல்லார்மேலும் பாசம். அந்தப் பாசம்தான் கசாயம் கொடுக்கிறது, கோயில் கோயிலாக அனுப்புகிறது, செங்குத்தான மலையுச்சியில் வறடிக்கல்லைச் சுற்ற வைக்கிறது. இரண்டாம் கல்யாணம் செய்துகொள் என்கிறது, காளி முடியாது என்கிறான். கடைசியில் அதே பாசம் பொய் சொல்கிறது. காளி சம்மதித்துவிட்டதாகத் தங்கச்சியிடம் சொல்லிவிட்டு, காளியைக் குடிக்கக் கூட்டிக்கொண்டு போகிறான் முத்து. அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது நமக்கு நன்றாகத் தெரிகிறது. அதனால்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

கொடுமைக்காரர்களாக இருந்தால் எதிர்த்து நின்றுவிடலாம். பாசத்தை எப்படி எதிர்ப்பது?

எனக்கு 2009-ல் கல்யாணம். முத்தியால்பேட்டையில் ஒரு மண்டபத்தில். ஆறாவது மாசம் ஒரு வளைகாப்புக்குப் போனபோது என் பெரியத்தை முதல் தடவையாகக் கேட்டார்: "என்ன தம்பி, நல்ல சேதி ஏதாச்சும்?" சிரித்துக்கொண்டே கேட்டார், நாங்களும் சிரித்தோம். இந்தக் கேள்விக்கு நம்ம பக்கத்தில் எத்தனை வடிவம் இருக்கிறது என்று நான் ஒரு சமயம் பட்டியலே போட்டு வைத்திருந்தேன். 'விசேஷம் உண்டா', 'நாள் எதுவும் தள்ளிப் போச்சா', 'வீட்ல எத்தனை பேரு', 'இன்னும் ரெண்டு பேருதானா'. இதில் ஒன்றில்கூடப் பிள்ளை என்ற சொல் நேராக வராது. கேட்கிறவர்களுக்கும் இது கூச்சமான விஷயம் என்று தெரியும். தெரிந்தும் கேட்பார்கள், ஏனென்றால் கேட்காமல் இருந்தால் அக்கறை இல்லை என்று ஆகிவிடும்.

கேள்விக்கு அடுத்தது யோசனை. சஷ்டி விரதம் இருக்கச் சொல்வார்கள். 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்கிற பழமொழியை 'சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்று மாற்றி, அகப்பை என்றால் கருப்பை என்று விளக்கமும் தருவார்கள். அரசமரத்தைச் சுற்றச் சொல்வார்கள். சுற்றினால் 'அரசமரத்தைச் சுத்திட்டு அடிவயித்தைத் தொட்டுப் பாத்தாளாம்' என்று கிண்டலுக்கும் ஒரு பழமொழி தயாராக இருக்கும். கோயில் மரத்தில் சின்னதாக ஒரு மரத்தொட்டில் கட்டச் சொல்வார்கள். வளைகாப்பு வீட்டில் கர்ப்பிணிக்கு வளையல் போட்டு முடித்த பிறகு மிச்சத்தில் ஒரு ஜோடியை என் மனைவி கையில் போட்டு விடுவார்கள், அடுத்தது உனக்குத்தான் என்று. அவமானப்படுத்த யாரும் அதைச் செய்வதில்லை. உண்மையான வாழ்த்து. பச்சை வளையலும் சிவப்பு வளையலுமாக அலமாரியில் ஒரு டப்பா நிறைய இருந்தது. ஒரு பொங்கலுக்கு அதைத் தெருவில் விளையாடுகிற பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டாள்.

இனி நாவலின் தர்க்கத்துக்கு வருகிறேன். இரண்டாம் தடவை படித்தபோதுதான் இது எனக்குப் பிடிபட்டது.

ஊர் வாயில் இருக்கிற சொல் 'வறடி'. நம்ம பக்கம் 'மலடி'. காளியையும் ஊர் சும்மா விடவில்லை, அவனுக்கும் பேச்சு விழுகிறது. ஆனால் வறடிக்கல்லைச் சுற்ற வேண்டியது பெண். கசாயம் குடிக்க வேண்டியதும் பெண். குறை அவளிடம் என்று வைத்துக்கொண்டுதான் எல்லாப் பரிகாரமும் நடக்கிறது. ஆனால் கடைசிப் பரிகாரமாக ஊர் எதைக் கையில் வைத்திருக்கிறது பாருங்கள். வேறொரு ஆண். அந்தப் பரிகாரம் எப்போது பலிக்கும்? குறை ஆணிடம் இருந்தால் மட்டும்தான் பலிக்கும். பெண்ணிடம் குறை என்றால் பதினாலாம் நாள் ராத்திரிக்கு எத்தனை தடவை போனாலும் ஒன்றும் ஆகாது. வாயால் பெண்ணைக் குற்றம் சொல்லிக்கொண்டே, கையால் ஆணின் குறைக்கு வைத்தியம் செய்கிறது சமூகம். அதற்கு உண்மை தெரியும். தெரிந்ததை வெளியில் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். அதனால்தான் அந்த ராத்திரியில் வருகிற ஆண்கள் எல்லாரும் அன்றைக்குச் சாமி. பிறக்கிற பிள்ளை சாமி கொடுத்தது. அப்பன் பேர் கெடாது. இத்தனைக்கும் கல்யாணத்துக்கு முந்திக் காளியும் முத்துவும் அந்த ராத்திரிக்குப் போய் வந்தவர்கள்தான். தான் சாமியாக இருந்தபோது காளிக்கு உறுத்தாதது, தன் வீட்டுக்கு இன்னொரு சாமி தேவைப்படும்போது உயிரை வாங்குகிறது. இவ்வளவையும் ஒரு வரி விளக்கம்கூடச் சொல்லாமல், கதை நடக்கிற போக்கிலேயே நமக்குத் தெரிய வைத்திருக்கிறார் பெருமாள்முருகன்.

இது என்னவோ பழைய காலத்துக் காட்டுமிராண்டித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். 2021-ல் நாடாளுமன்றம் செயற்கை இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. கொடையாளியின் விந்தணுவை வாங்கிப் பிள்ளை பெறலாம். கொடையாளி யார் என்று தெரியாது. அவருக்குப் பிள்ளைமேல் எந்த உரிமையும் இல்லை. பிறக்கிற குழந்தை அந்தத் தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே சட்டத்தில் கருதப்படும். பதினாலாம் நாள் ராத்திரியின் விதிகளை யாரோ ஒரு நல்ல வக்கீல் எழுத்தில் கொண்டுவந்தது மாதிரி இருக்கிறது! நான் இந்தச் சட்டத்தைக் குறை சொல்லவில்லை, தேவையான சட்டம். கையெழுத்துப் போட்டுச் சம்மதம் தர வேண்டும் என்பது பெரிய வித்தியாசம். முத்து மாதிரி யாரும் நடுவில் பொய் சொல்லிவிட முடியாது. ஆனால் ஏன் சிகிச்சைக்குப் போகிறார்கள் என்ற இடத்தில் வித்தியாசம் அவ்வளவு பெரிசு இல்லை. பாண்டியிலிருந்து கடலூர் வரைக்கும் ரோட்டோரமாகக் கருத்தரிப்பு மையப் பலகைகள்தான். எல்லாவற்றிலும் சிரிக்கிற குழந்தை, பக்கத்தில் சிரிக்கிற அம்மா. அப்பாவைப் பல பலகைகளில் காணோம்.

இப்போது சொந்தக் கதை.

2012-ல் நாங்கள் இரண்டு பேரும் பரிசோதனை செய்துகொண்டோம். முதலில் அவளுக்குத்தான் எல்லாப் பரிசோதனையும் நடந்தது. ஸ்கேன், ரத்தம், குழாய்க்குள் சாயம் விட்டு எடுக்கிற அந்த எக்ஸ்ரே. வலியில் முகம் வெளுத்து வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்தாள். எனக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்ததோடு சரி. அதைக் கடைசியாகத்தான் கேட்டார்கள். அதில்தான் விஷயம் இருந்தது. குறை என்னிடம். பிள்ளையில்லாமைக்கான காரணங்களில் கிட்டத்தட்டப் பாதியில் ஆணின் பங்கு இருக்கிறது என்பது மருத்துவத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம். எனக்கு அது முன்பே தெரியும். படித்தவன் இல்லையா. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார், "என்னடா சொன்னாங்க?" நான் சொன்னேன், "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் நாளாகும்னாங்க." அம்மா என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. நான் திருத்தவில்லை.

நாலு வருஷம் திருத்தவில்லை. அந்த நாலு வருஷமும் வெள்ளிக்கிழமை விளக்கு, சஷ்டி, வில்லியனூர் கோயில், நாட்டு மருந்து எல்லாம் அவளுக்குத்தான். அவளும் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

2016 ஜூலை 5-ல் சென்னை உயர்நீதிமன்றம், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு, நாவலுக்குத் தடை விதிக்க மறுத்தது. எழுத்தாளர் மீண்டும் எழுத வர வேண்டும் என்று தீர்ப்பு முடிகிறது. அந்தத் தீர்ப்பைப் படித்த சூட்டில்தான் நாவலை இரண்டாம் தடவை எடுத்தேன். முத்து பொன்னாவிடம் பொய் சொல்கிற இடம் வந்ததும் மூடி வைத்துவிட்டேன். முத்து வாயைத் திறந்து ஒரு பொய் சொன்னான். நான் வாயைத் திறக்காமலே சொல்லியிருக்கிறேன். அந்த வாரமே அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி, மூன்றாவது வாசிப்பில் எனக்கு நாவலோடு வந்த சண்டை.

மாதொருபாகன் ஒரு முடிச்சில் முடிகிறது. பொன்னா திருவிழாவுக்குப் போயிருக்கிறாள். காளி திரும்பி வந்து பார்க்கிறான், அவள் இல்லை. பூவரசமரத்தின் அடியில் அவனை விட்டுவிட்டு நாவல் நின்றுவிடுகிறது. பிறகு என்ன ஆனது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள் போல. 2014-ல் பெருமாள்முருகன் இரண்டு தொடர்ச்சிகளை எழுதினார், 'ஆலவாயன்', 'அர்த்தநாரி'. ஒன்றில் காளி செத்துப்போகிறான். இன்னொன்றில் பிழைத்து, பொன்னாவைத் தன் மௌனத்தால் தண்டிக்கிறான். ஒரே கதைக்கு ஒரே ஆள் இரண்டு எதிர்காலம் எழுதியது தமிழில் அபூர்வமான விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமும்கூட. நிரலில் இரண்டு கிளை பிரிகிற மாதிரி: காளி இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி.

ஆனால் இரண்டு கிளையிலும் பொன்னா கர்ப்பமாக இருக்கிறாள்.

கோடு எழுதுகிறவனுக்கு இது கண்ணில் படாமல் போகாது. நிபந்தனை எதுவானாலும் வெளியே வருகிற விடை ஒன்றுதான் என்றால், அந்த விடை நிபந்தனைக்கு வெளியே முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டுவிட்டது என்று அர்த்தம். காளி சாகலாம், வாழலாம், அதைக் கதை கேள்வியாக எடுத்துக்கொள்கிறது. பிள்ளை பிறக்காமல் போகலாம் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ராத்திரிக்குப் போயும் ஒன்றும் ஆகாமல், இருவரும் இருவராகவே முப்பது நாற்பது வருஷம் வாழ்ந்து, தொண்டுப்பட்டியில் மாடு பார்த்துக்கொண்டு கிழவன் கிழவி ஆகிற மூன்றாவது முடிவு எழுதப்படவே இல்லை.

இதற்குப் பதில் சொல்ல முடியும், நானே சொல்லிப் பார்த்தேன். கர்ப்பமானால்தான் அந்தப் பிள்ளையை ஊரும் காளியும் எப்படி ஏற்பார்கள் என்ற சிக்கல் வரும், நாவலாசிரியருக்கு அந்தச் சிக்கல்தான் வேண்டும். கர்ப்பமானதால்தான் குறை யாரிடம் என்பதும் சந்தேகமில்லாமல் நிரூபணம் ஆகிறது. தவிர, வெள்ளைக்காரன் காலத்துக் கொங்கு நாட்டில் நிலம் வைத்திருக்கிற குடியானவக் குடும்பத்துக்கு 'பிள்ளை வேண்டாம், இப்படியே இருப்போம்' என்பது நினைத்துப் பார்க்க முடிகிற வழியா? ஏற்கத்தக்க வாதங்கள்தான். ஆனால் நினைத்துப் பார்த்த ஒரு ஆளை ஆசிரியரே உள்ளே வைத்திருக்கிறார். காளியின் சித்தப்பா நல்லுப்பையன். கல்யாணம் கட்டாதவர், குடுமியை வெட்டியவர், ஊர் வழக்கத்தைக் கேலி செய்துகொண்டு தன் இஷ்டத்துக்கு வாழ்கிறவர். பிள்ளை இல்லாவிட்டால் என்ன குறைந்துபோச்சு என்று காளியிடம் பேசுகிற ஒரே குரல் அவருடையதுதான். நாவலில் சிரிப்பு வருகிற இடங்களும் அவர் வருகிற இடங்கள்தான். அதுதான் என் வருத்தம். அவர் சொல்வது கதைக்குள் ஒரு வேடிக்கை மனிதரின் பேச்சாக நின்றுவிடுகிறது. கூடவே அவர் தனி ஆண். தனி ஆணுக்கு ஊர் கொஞ்சம் கயிறு விடும். புருஷன் பொண்டாட்டியாக இருக்கிற இரண்டு பேர் அவரைப் போல வாழ முடியுமா என்று கதை சோதித்துப் பார்க்கவில்லை.

பெருமாள்முருகனை மட்டும் சொல்லவில்லை. தமிழில் பூஜ்யம் எழுதுவது எப்பவும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கிறது. புறநானூற்று ஒன்பதாம் பாட்டில், போருக்கு முன்னால் பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொல்கிற பட்டியலில் பசு, பெண்கள், நோயாளிகள் இவர்களோடு புதல்வரைப் பெறாதவர்களும் வருகிறார்கள். இரக்கம்தான், ஆனால் என்ன வகையான இரக்கம் என்று கவனிக்க வேண்டும். முன்னோருக்குக் கடன் செய்ய ஆள் வேண்டும், அதனால் நீ இப்போது சாகக் கூடாது.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்வோம். பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடு இருக்கிறது, இப்போது நினைவு இல்லம். 1938-ல் வந்த அவருடைய கவிதைத் தொகுதியில் 'தவிப்பதற்கோ பிள்ளை?' என்று ஒரு பாட்டு. கருத்தடையைப் பட்டவர்த்தனமாக ஆதரிக்கிற பாட்டு. பிரான்சிலேயே 1920-ம் வருஷச் சட்டம் கருத்தடைப் பிரசாரத்தைக் குற்றம் ஆக்கியிருந்த காலம் அது. அந்த பிரான்ஸ் ஆண்ட ஊரில் ஒரு அரசுப் பள்ளித் தமிழ் வாத்தியார் இதை எழுதியிருக்கிறார், சாதாரண தைரியம் இல்லை. ஆனால் பாட்டின் வாதம் வறுமை. சோறு போட முடியாமல் பெற்றுக்கொண்டே போகாதே என்பது. தொகுதியில் அடுத்தாற்போல வருவது ஆண் குழந்தைத் தாலாட்டு, அதற்கடுத்தது பெண் குழந்தைத் தாலாட்டு! பிற்பாடு எழுதிய 'குடும்ப விளக்கு' ஐந்து பகுதியில் நாலாவதின் தலைப்பே 'மக்கட்பேறு'. அளவோடு பெறு என்பதுதான் கவிஞர் போன எல்லை.

அதைத் தாண்டிப் போனவர் பெரியார் ஒருவர்தான். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில், மற்றவர்கள் கருத்தடையை உடம்புக்காகவும் வறுமைக்காகவும் கேட்கிறார்கள், நான் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறேன் என்ற பொருளில் பிரித்துச் சொல்கிறார். தேவைப்பட்டால் பெண்கள் பிள்ளை பெறுவதையே நிறுத்திவிடலாம் என்கிற அளவுக்குப் போகிறார். உலகம் என்ன ஆகும் என்று கேட்பார்களே என்பதற்கும் அவர் அசரவில்லை. ஆனால் அவர் வழி வந்த அரசியல்கூட அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு மேலே போய்விட்டது. அரசாங்கத்தின் சிவப்பு முக்கோணம் சொன்னது 'நாம் இருவர் நமக்கு இருவர்'. பிறகு 'நமக்கு ஒருவர்'. அதற்குக் கீழே எண் இறங்கவில்லை.

எங்கள் தொழிலில் பூஜ்யமும் வெற்றிடமும் வேற வேற. பூஜ்யம் என்றால் ஒரு மதிப்பு, எண்ணிப் பார்த்து எழுதிய விடை. வெற்றிடம் என்றால் இன்னும் யாரும் நிரப்பவில்லை என்று அர்த்தம். பிள்ளைகள் எத்தனை என்ற கட்டத்தில் நாங்கள் பூஜ்யம் என்று எழுதுகிறோம், சொந்தக்காரர்கள் அதை வெற்றிடம் என்று படிக்கிறார்கள். நாற்பத்தஞ்சு வயசிலும்.

வேடிக்கை என்னவென்றால், எண்ணிக்கை விஷயத்தில் நம்ம ஜனங்கள் எப்போதோ மாறிவிட்டார்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2019-21-ல், ஒரு பெண் சராசரியாகப் பெறுகிற பிள்ளைகள் இந்தியாவில் 2.0, தமிழ்நாட்டில் 1.8, புதுச்சேரியில் 1.5. மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும் என்பார்கள். இரண்டாவது ஏன் பெத்துக்கலை என்று இப்போது பாண்டியில் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. ஒண்ணு போதும், ஃபீஸ் கட்ட முடியலை என்றால் தலையாட்டுவார்கள். முழுப் பாரமும் அந்த முதல் பிள்ளைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது. மூணு பெற்ற வீட்டில் ஒண்ணு குறைந்தால் தெரியாது. ஒண்ணுதான் வழக்கம் என்று ஆன ஊரில் அந்த ஒண்ணும் இல்லாதவன் பளிச்சென்று தெரிகிறான்.

இப்போது அரசியல்வாதிகளும் சேர்ந்துகொண்டார்கள். 2024 அக்டோபரில் சந்திரபாபு நாயுடு பிள்ளை அதிகம் பெறச் சொன்னார். அதே மாசம் சென்னையில் அறநிலையத் துறை நடத்திய திருமண விழாவில் மு.க. ஸ்டாலின், நாடாளுமன்றத் தொகுதி குறையப் போகிறது, பதினாறு செல்வத்துக்குப் பதிலாகப் பதினாறு பிள்ளையே பெறலாமோ என்று பாதி விளையாட்டாகப் பேசினார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்தில் விளையாட்டு இல்லாமலே சொன்னார், உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்று. தொகுதி மறுவரையறை நியாயமான கவலைதான். ஆனால் கல்யாண மேடையில் மாலையோடு நிற்கிற பெண்ணின் வயிற்றில் அதைக் கொண்டுபோய் வைப்பது என்ன நியாயம்? (பாண்டிக்கு மக்களவையில் இருப்பது ஒரே ஒரு இடம். நாங்கள் எவ்வளவு பாடுபட்டாலும் அது லேசில் இரண்டாகாது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.)

என் மனைவி மாதொருபாகனை ஒரு தடவைதான் படித்தாள், 2016-ல், நான் அம்மாவிடம் சொன்ன பிறகு. இரண்டே நாளில் முடித்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். "பொன்னாவுக்குப் புள்ளை வேணுமா, இல்ல ஊர் வாய் மூடணுமான்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியலை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவளுக்கே தெரிஞ்சிருக்காது" என்றாள். உனக்கு எப்படி என்று நான் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்க மூணு வருஷம் ஆனது. அவள் சொன்ன பதில் அவளுடையது, இங்கே எழுத மாட்டேன்.

பொன்னாவைப் பற்றி அவள் சொன்னதைவிடச் சரியான விமர்சன வாக்கியம் இந்த நாவலைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. காளி ஒரு கட்டத்தில் பொன்னாவிடம் கேட்கிறான், அந்தத் திருவிழாவுக்குப் போகச் சொன்னால் போவாயா என்று. நீ சொன்னால் போகிறேன் என்ற மாதிரி அவள் பதில் சொல்ல, அவன் நொறுங்கிப் போகிறான். நாமும் அவனோடு சேர்ந்து நொறுங்குகிறோம், ஆசிரியர் நம்மை அவன் பக்கத்தில்தான் உட்கார வைத்திருக்கிறார். ஆனால் அந்தப் பதிலில் அவளுடைய ஆசை எவ்வளவு, களைப்பு எவ்வளவு? பன்னிரண்டு வருஷம் ஒரே கேள்வியைக் கேட்டால், ஆசைக்கும் களைப்புக்கும் நடுவில் கோடு அழிந்துவிடும். நாவல் அந்த அழிந்த கோட்டை அப்படியே காட்டுகிறது. அது நாவலின் பலமா, பொன்னாவுக்குள் போக ஆசிரியர் தயங்கியதா என்று மூணு தடவை படித்தும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

அம்மா விஷயம் சொல்கிறேன் என்றேன் இல்லையா. 2016-ல் அன்றைக்குச் சாயங்காலம் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ரிப்போர்ட், நாலு வருஷம், எல்லாம். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது. "அப்ப இத்தனை வருஷம் அவளைப் போயி..." என்றார், முடிக்கவில்லை. மறுநாள் என் மனைவிக்குப் பிடிக்கும் என்று சுறாப்புட்டு செய்தார். யாரும் எதுவும் பேசவில்லை.

அடுத்த சஷ்டிக்கு வழக்கம்போலக் கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டோடு வந்தார். குருக்களிடம் இந்தத் தடவை என் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னாராம். இன்னமும் மாசாமாசம் அர்ச்சனை நடக்கிறது, என் பேருக்கு.